ஜன்னலுக்குப் போன மூச்சு

அத்தியாயம் 14

"அப்பா, காத்து எல்லாருக்கும் சும்மா கிடைக்குது. எனக்கு மட்டும் ஏன் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கு?"

ஆறு வயதில் அவள் கேட்ட கேள்வி அது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் அப்பாவின் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அப்பா அவளைக் 'குருவி' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அப்பா தையல்காரர். அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைக்காதவர், பதில் தெரியாமல் வாயைத் திறக்கவும் மாட்டார். "மெதுவா உள்ள இழு. ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று முதுகைத் தடவியபடி பத்து வரை எண்ணினார். கேள்விக்குப் பதில் சொல்லாமலே ஒரு நாள் கடவுளிடம் போய்ச் சேர்ந்தார்.

கேள்வி மட்டும் குருவியோடு வளர்ந்தது. வேடிக்கையைப் பாருங்கள், எந்த மூச்சைக் கேட்டு வாங்கினாளோ, அதையே வைத்துப் பிழைக்கும் வேலை அவளுக்கு வாய்த்தது. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த நடைமேடைக்கு என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள்தான். எவ்வளவு நீளமான அறிவிப்பாக இருந்தாலும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தப்பில்லாத கர்வம்.

அந்தக் கர்வத்துக்குத்தான் இப்போது சோதனை.

கல்யாணமாகி நாலு வருஷம் காத்திருந்து வந்த குழந்தை. ஆறாவது மாதம் நடக்கிறது. போன வாரம் மூன்று நாள் அவள் இருமி இருமி எழுந்து உட்கார்ந்ததையும், "தொண்டையில ஏதோ கரகரப்பு" என்று கணவனிடம் சமாளித்ததையும் பார்த்தோம். அது தொண்டைக் கரகரப்பு இல்லை என்று தெரிந்த ஆள் அந்த வீட்டில் குருவி ஒருத்திதான்.

அன்று காலை ஏழு மணி. மாடிப்படி ஏறினால் இரண்டே அறை உள்ள வீடு. கணவன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். விடிவதற்கு முன்பே போய்விட்டான்.

"குருவி, இந்தா உன் காத்துப் புட்டி," என்று மாமியார் பழுப்பு நிற இன்ஹேலரை நீட்டினார்.

காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை உள்ளே இழுக்க வேண்டிய மருந்து. ஆஸ்துமா இழைப்பு வராமல் தடுப்பது பழுப்பு. வந்துவிட்டால் அடக்குவது நீலம். நீலம் அவள் கைப்பையில் இருக்கும்.

"இதை மருந்துன்னே சொல்ல மாட்டேன் நான்," என்றார் மாமியார். "மருந்துன்னா கசக்கணும், இல்லாட்டி குத்தணும். இது வெறும் காத்து. போய் இழுத்துட்டு வாயைக் கொப்பளி. வேலைக்கு நேரமாச்சு."

"இதோ வரேன் அத்தை."

குருவி உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னல் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது பழைய தாழ்ப்பாள். 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டுத்தான் திறக்கும். பிறகு இன்ஹேலரை வெளியே நீட்டி இரண்டு முறை அழுத்தினாள்.

ப்ஸ். ப்ஸ்.

மருந்து காலைக் காற்றில் கலந்து போனது.

இருபத்தாறு நாளாக இப்படித்தான். இன்ஹேலரின் முதுகில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. மிச்சம் எத்தனை என்று அதில் எண் தெரியும். ஒரு மாலையில் நூற்றிருபதில் ஆரம்பித்தது. கணவன் வேலை முடிந்து வந்ததும் அந்த எண்ணைப் பார்த்து, சமையலறை நாள்காட்டியில் ஒரு கோடு போடுவான். ரொட்டித் தட்டுகளை எண்ணி எண்ணி வளர்ந்த புத்தி அவனுக்கு. நாளைக்கு நாலு குறைந்தால் எல்லாம் சரி. எண் தவறாமல் குறைந்தது. மருந்துதான் உள்ளே போகவில்லை.

ஏன் இப்படிச் செய்தாள்? ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே மாமியார் சொன்ன ஒரு வார்த்தை.

"இவனுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு பிறந்துச்சு. ஏழாம் மாசமே. ரெண்டு நாள்தான் இருந்துச்சு. காய்ச்சலுக்குக் கடையில ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன், அதுதான். வயித்துல பிள்ளை இருக்கிறப்ப மருந்து ஆகாது."

சொல்லிவிட்டு அவர் துணியை அலமாரியில் வைத்தார். மறந்தும் போனார். குருவி மறக்கவில்லை. மருந்துப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை எடுத்துப் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் படித்தாள். 'ஸ்டீராய்டு' என்ற சொல்லைப் பார்த்ததும் காகிதத்தை மடித்து வைத்தாள். கஷ்டம் என்னோடு போகட்டும், பிள்ளைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தாள். அதைத் தியாகம் என்று நினைத்தாள் பாவம். யாரிடமும் கேட்கவில்லை. அன்பு யாரையும் கேட்காமல் தானாக முடிவெடுக்கும்போது இப்படித்தான் சில சமயம் வழி தவறிப் போகிறது.

மாமியாரும் மருமகளும் ஒரே ரயில் நிலையத்தில்தான் வேலை. மாமியார் சாமான் அறையில் இருக்கிறார். பயணிகள் பெட்டி படுக்கையைக் கொடுத்து அட்டை வாங்கிக்கொண்டு போகும் இடம். நடந்தால் பத்து நிமிஷம். அன்று இருபது நிமிஷம் ஆனது.

"என்ன, மூணாவது தடவையா செருப்பு வார் அவுந்துடுச்சா?"

"புது செருப்பு அத்தை. பழகணும்."

"முந்தின விளக்குக் கம்பத்துக்கிட்ட நின்னப்பவும் அதேதான் சொன்னே. அது போன வருஷம் வாங்கின செருப்பு."

குருவி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாக வந்தது.

நிலையத்தில் அன்று முதல் நடைமேடையின் பழைய தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் ஒன்று அலறிக்கொண்டிருந்தது. சிமெண்டுத் தூசி வெயிலில் புகை போல நின்றது. அறிவிப்பாளர் அறை அதற்கு நேர் எதிரே. மேசை, ஒலிவாங்கி, சிவப்பு விளக்கு எரியும் ஒரு சுவிட்ச், ஒரு மரநாற்காலி. கண்ணாடி ஜன்னலின் ஒரு மூலை உடைந்து அட்டை ஒட்டியிருந்தது. அந்த இடுக்கு வழியாகத் தூசி உள்ளே வந்துகொண்டே இருந்தது.

சாமான் அறையில் ஒரு பெரியவர் தகரப் பெட்டியை மேடையில் தூக்கி வைத்தார்.

"அம்மா, அட்டை குடுங்க."

"இருங்க ஐயா. வண்டி சொல்றாங்க."

"என் வண்டி மத்தியானம்தாம்மா."

"உங்க வண்டிக்கு இல்லை. சொல்றது என் மருமக."

ஒலிபெருக்கி கரகரத்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வடக்கு நோக்கிச் செல்லும் ஒன்பதே கால் பாசஞ்சர்... வண்டி இன்னும் சற்று நேரத்தில்... மூன்றாவது நடைமேடைக்கு... வந்து சேரும்."

மாமியார் கையில் இருந்த அட்டைக் கட்டிலிருந்து மூன்று அட்டைகளைத் தனியே எடுத்து மேசையில் வைத்தார். மூன்று இடத்தில் குருவி மூச்சு வாங்கினாள். எப்போதும் அந்த வரி ஒரே மூச்சு. நாலு வருஷமாகக் கேட்கிற காது அது.

"நல்லாத்தானே சொல்றாங்க உங்க மருமக," என்றார் பெரியவர்.

"உங்களுக்கு நல்லா இருக்கும் ஐயா. எனக்கு மூணு அட்டை கூட இருக்கு."

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த அறிவிப்பில் ஐந்து அட்டை. அதற்கடுத்ததில் ஆறு. ஆறாவதை எடுத்ததும் மாமியார் அட்டைகளை அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். பக்கத்து மேசைக்காரியிடம் சாவியை நீட்டினார்.

"கொஞ்சம் பார்த்துக்கோ. நான் ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்."

வாசலைத் தாண்டும்போதே ஒலிபெருக்கி மறுபடியும் திறந்தது.

"பயணிகளின்..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மூச்சுதான் வந்தது. இழுத்து இழுத்து, நடுவில் விசிலடித்து, பாதியிலேயே நின்று மறுபடியும் தொடங்கிய ஒரு மூச்சு. சுவிட்சை அணைக்க அவளுக்குக் கை எட்டவில்லை. நாலு நடைமேடையிலும், காத்திருப்போர் அறையிலும், டிக்கெட் வரிசையிலும் அந்த மூச்சு கேட்டது.

நிலையம் சட்டென்று அடங்கியது. தரை பெயர்ப்பவர்களில் ஒருவன் தானாகவே இயந்திரத்தை நிறுத்தினான். பழம் விற்கிறவள் கூடையைக் கீழே வைத்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் மூச்சுக்காக நூறு பேர் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நூறு பேரின் மௌனமும் கடவுளுக்குப் பிரார்த்தனையாகத்தான் கேட்டிருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது.

மாமியார் ஓடினார். ஐம்பத்தேழு வயது முழங்கால் ஓடுகிற ஓட்டம்.

குருவி மேசையில் இரண்டு கையையும் ஊன்றி முன்பக்கம் சாய்ந்திருந்தாள். உதடு நிறம் மாறியிருந்தது.

"நீலம் எங்கே?"

குருவி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்ற ஆட்டம்.

"வேண்டாமாவது. பிள்ளைக்கு ஆகாதுன்னு யாராவது சொன்னாங்களா? வாயைத் திற."

கைப்பையைக் கவிழ்த்து நீல இன்ஹேலரை எடுத்தார். குலுக்கினார். ஒன்று அழுத்தி, அவளை மூச்சு விட வைத்து, மறுபடியும் ஒன்று. "மெதுவா உள்ள இழு, குருவி. நான் எண்ணறேன். ஒண்ணு, ரெண்டு..." அப்பா எண்ணியது போலவே எண்ணுகிறார் என்பது அவருக்குத் தெரியாது.

ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. படுக்கை வண்டியைக் கொண்டுவந்து வைத்தவர்களை மாமியார் தடுத்தார்.

"படுக்க வைக்காதீங்க. படுத்தா இவளுக்கு முட்டும். உட்கார்ந்தே வரட்டும்."

"இதுல உட்கார முடியாதும்மா, விழுந்துடுவாங்க."

சாமான் தூக்குகிற ஒரு போர்ட்டர், பெட்டி ஏற்றும் தன் தள்ளுவண்டியைக் காலியாக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். யாரோ ஒரு பயணி தன் மெத்தைச் சுருளை அதன் மேல் போட்டார். அதில் உட்கார்ந்தபடியே குருவி நிலையத்தைக் கடந்தாள். பின்னால் ஒலிபெருக்கியில் ஸ்டேஷன் மாஸ்டரின் குரல் கேட்டது. வண்டி ஏதோ தப்பு செய்துவிட்டது போல அதட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் போர்ட்டர் சொன்னார்:

"சீக்கிரம் திரும்பி வாங்கம்மா. இவர் கூப்பிட்டா வண்டி பயந்து நிக்காமலே போயிடும்."

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். புகையாக மருந்து கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் விசில் கொஞ்சம் தணிந்தது. வயிற்றில் ஒரு கருவியை வைத்ததும் டக்டக்கென்று ஒரு சத்தம் அறையை நிரப்பியது.

அப்போதுதான் கணவன் உள்ளே வந்தான். மாவு படிந்த சட்டை, மாவு படிந்த புருவம்.

"இது என்ன சத்தம்?"

"உங்க பிள்ளை," என்றார் நர்ஸ்.

"எங்க மாவு பிசையற மிஷின் மாதிரி ஓடுது," என்றான். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

டாக்டர் உயரம் குறைந்த ஒரு அம்மாள். பேனாவின் மூடியைக் கடித்தபடியே பேசுகிற பழக்கம். "தினமும் தடுப்பு மருந்து எடுக்கறாங்களா?" என்று கேட்டார்.

கணவன் சட்டைப் பையிலிருந்து மடித்த நாள்காட்டித் தாளை எடுத்தான். ஆஸ்பத்திரி என்றதும் வீட்டுக்கு ஓடி, கிழித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"இருபத்தாறு நாள் டாக்டர். நாளைக்கு நாலு. நேத்து ராத்திரி மிச்சம் பதினெட்டு. இன்னிக்குக் காலையில ரெண்டு போனா பதினாறு இருக்கணும்."

மாமியார் காலையில் தன் பையில் போட்டு வந்த பழுப்பு இன்ஹேலரைத் திருப்பிப் பார்த்தார். பதினாறு.

டாக்டரின் நெற்றி சுருங்கியது. "இவ்வளவு ஒழுங்கா எடுத்தும் இப்படின்னா, இந்த மருந்து பத்தலைன்னு அர்த்தம். இன்னும் பலமானதுக்குப் போகணும். மாத்திரையும் பல நாள் போடணும். பிரசவம் வரைக்கும் வேலைக்குப் போக வேண்டாம்னும் சொல்ல வேண்டி வரலாம். எழுதிட்டு வரேன்."

டாக்டர் போனார். குருவி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு பொய் இப்போது மருந்துச் சீட்டாக மாறப் போகிறது. சொன்னால் இந்த மனுஷன் போட்ட இருபத்தாறு கோடும் அவன் முகத்தில் அறையும். சொல்லாவிட்டால், எதற்குப் பயந்து சின்ன மருந்தை விட்டாளோ, அதைவிடப் பெரிய மருந்து பிள்ளையைத் தேடி வரும்.

மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வா," என்றார் மகனிடம்.

"நீ டீ குடிக்க மாட்டியேம்மா."

"இன்னிக்குக் குடிக்கறேன். போ."

அவன் போனதும் கட்டிலோரம் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"குருவி, எனக்குக் கண்ணு மங்கல். காது நல்லா கேட்கும். தினம் காலையில அந்த அறையில நீ மருந்து அடிக்கற சத்தம் கேட்கும். ஆனா அதுக்கு முன்னாடி ஜன்னல் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும். மருந்து உள்ள போறதுக்கு ஜன்னல் எதுக்கும்மா திறக்கணும்?"

குருவி ஆக்சிஜன் முகமூடியை விலக்கினாள்.

"நீங்கதான் சொன்னீங்க அத்தை. மாத்திரை போட்டதாலதான் அந்தப் பிள்ளை..."

மாமியாருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. துணி மடித்தது, அலமாரி, வாயிலிருந்து விழுந்த வார்த்தை. அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"நான் மாத்திரையைச் சொன்னேன். காத்துப் புட்டியைச் சொல்லலையே."

"எனக்கு ரெண்டும் மருந்துதான் அத்தை. உங்க பேரனுக்கு ஏதாவது ஆச்சுன்னா... அதான் நான் தாங்கிக்கலாம்னு..."

"முகமூடியைப் போடு முதல்ல." மாமியாரே அதைச் சரிசெய்தார். "இவ்வளவு நாள் இதைத் தனியா சுமந்தியா? அசடு."

அதட்டலாகத்தான் சொன்னார். கை மட்டும் அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தது.

டாக்டர் சீட்டோடு வந்தார். அதே நேரம் கணவனும் டீயோடு வந்தான்.

"அந்தச் சீட்டைக் கிழிச்சிடுங்க டாக்டர்," என்றார் மாமியார். "மருந்து அவ நெஞ்சுக்குள்ள போகவே இல்லை. எல்லாம் ஜன்னலுக்குப் போச்சு. வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு நான்தான் பயமுறுத்திட்டேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

டாக்டர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

"திட்டி என்ன ஆகப் போகுது. இந்தப் பயத்தோட இங்க வாரத்துக்கு நாலு பேர் வர்றாங்க. நீங்களாவது உண்மையைச் சொன்னீங்க." குருவி பக்கம் திரும்பினார். "உள்ள இருக்கற பிள்ளைக்குத் தனியா மூக்கு இருக்கா? நீங்க இழுக்கற மூச்சுலதான் அதுக்குப் பங்கு. உங்களுக்கே பத்தலைன்னா அதுக்கு எங்கேயிருந்து போகும்? இழைப்பை அடக்காம விட்டாத்தான் பிள்ளை எடை குறையும், நாளாகறதுக்கு முன்னாடியே பிறக்கும், உங்களுக்கும் ரத்த அழுத்தம் ஏறலாம். இந்த மருந்து நெஞ்சுலயே தன் வேலையை முடிச்சுடும். பிள்ளை வரைக்கும் போறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். எத்தனையோ தாய்மார்கள் எடுத்து நல்லபடியா பெத்திருக்காங்க."

"அப்ப நான் தியாகம்னு நினைச்சது..." என்றாள் குருவி.

"உங்க தியாகத்துல பாதியைப் பிள்ளைதான் பண்ணிச்சு. இனிமே வேண்டாம். சந்தேகம் வந்தா நிறுத்தாதீங்க, என்னைக் கேளுங்க. பழைய மருந்தே போதும். அஞ்சு நாள் மாத்திரை மட்டும் கூட. இன்னிக்கு இங்கேயே இருங்க. தூசி அடங்கினதும் வேலைக்குப் போகலாம்."

எல்லோரும் கணவனைப் பார்த்தார்கள். அவன் நாள்காட்டித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை மெல்ல நாலாக மடித்தான்.

"தப்பு என்னோடதுதான்," என்றான். "நான் எண்ணைப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்க்கலை."

அவ்வளவுதான் சொன்னான். அதற்குமேல் இருமல் வந்துவிட்டது. டீ கொஞ்சம் சிந்தியது.

டாக்டர் நின்றார். "இந்த இருமல் எத்தனை நாளா?"

"இதுவா? மாவுதான் டாக்டர். எங்க தொழில்ல எல்லாருக்கும் இருக்கறது."

டாக்டர் ஒரு சின்னக் குழாயை எடுத்து நீட்டினார். ஊதினால் மூச்சின் பலத்துக்கேற்ப ஊசி நகர்ந்து எண் காட்டும். "ஊதுங்க." அவன் ஊதினான். "இன்னொரு தடவை." மறுபடியும் ஊதினான்.

"மிஷின் சரியில்லை போல," என்று சிரித்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தில் எண்ணைக் குறித்து அவனிடம் கொடுத்தார். "வியாழக்கிழமை வாங்க. தனியா வந்தாலும் சரி, அம்மாவோட வந்தாலும் சரி. வராம இருக்காதீங்க. இனிமே வேலைச் சட்டையோட வீட்டுக்குள்ள போகாதீங்க, அது உங்க ரெண்டு பேருக்கும் நல்லது."

அவன் அந்தக் காகிதத்தை, மாவு படிந்த சட்டைப் பையில், நாள்காட்டித் தாளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். யாரிடமும் காட்டவில்லை.

டாக்டர் வெளியே போனபோது மாமியார் பின்னாலேயே போனார். நடைவழியில் நிறுத்தினார்.

"டாக்டர், ஒண்ணு கேட்கணும். முப்பத்துநாலு வருஷம் ஆச்சு. காய்ச்சலுக்கு ஒரு வெள்ளை மாத்திரை. அதனாலதான் என் முதல் பிள்ளை போச்சா?"

"காய்ச்சல் எத்தனை நாள் இருந்துச்சு?"

"பத்து நாள். எழுந்து நிக்க முடியலை. ஒன்பதாம் நாள்தான் அந்த மாத்திரை."

"இத்தனை வருஷம் கழிச்சு உறுதியா என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா பத்து நாள் காய்ச்சல்ங்கறது சின்ன விஷயம் இல்லை. குறைப் பிரசவத்துக்கு அதுவே போதும். எல்லாப் பழியையும் ஒரு மாத்திரை மேல போடாதீங்க. உங்க மேலயும் போடாதீங்க."

மாமியார் தலையசைத்தார். அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். இடுப்பில் ஏதோ உறுத்தியது. எடுத்துப் பார்த்தார். காலையில் எண்ணிய சாமான் அட்டைகள், வியர்வையில் நைந்து போயிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் தட்டையாக்கினார். முப்பத்துநாலு வருஷமாகச் சேர்த்து வைத்த அழுகையைச் சத்தமில்லாமல் அழுது முடித்தார். அவரை அழவிட்டு, கடந்து போன நர்ஸ் ஒருத்தி நடைவழி விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

மாலை ஆறு மணி.

கணவன் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தான். மாமியார் சாமான் அறைச் சாவியைத் திருப்பி வாங்கிவர நிலையத்துக்குப் போயிருந்தார். பக்கத்துக் கட்டில்காரி போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். வார்டில் வேறு யாரும் இல்லை.

அலமாரியின் மேல் பழுப்பு இன்ஹேலர் இருந்தது. மாமியார் வைத்துவிட்டுப் போனது. 'எடுத்துக்கோ' என்று அவரும் சொல்லவில்லை, கணவனும் சொல்லவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். திறந்திருந்தது.

குருவி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். இருபத்தாறு நாளாக ஜன்னலுக்குக் கொடுத்ததெல்லாம் யாருடையது என்று இப்போது தெரிந்தது. நூற்றுநாலு தடவை. பங்கு கேட்கத் தெரியாத ஒரு ஜீவன், கிடைத்ததை வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் இருந்திருக்கிறது.

கேட்டு வாங்குவதில் என்ன அவமானம்? அன்று அப்பா பதில் சொல்லாமல் எண்ணிக்கொண்டே இருந்தாரே, அதுவேதான் பதில் போலிருக்கிறது. கேள், வாங்கு, பக்கத்தில் ஒருவர் எண்ணுவார்.

எட்டி ஜன்னலைச் சாத்தினாள். தாழ்ப்பாள் 'டொக்' என்றது.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூச்சை முழுவதும் வெளியே விட்டாள். இன்ஹேலரை உதட்டில் பொருத்தி, அழுத்தி, மெதுவாக உள்ளே இழுத்தாள். பிடித்து வைத்துக்கொண்டு மனதுக்குள் எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்து.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. மறுபடியும் பத்து.

பிறகு டம்ளர் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தாள். இன்ஹேலரின் முதுகைத் திருப்பினாள். பதினான்கு.

நாள்காட்டித் தாள் கணவனின் சட்டைப் பையில் இருந்தது. கோடு போட யாரும் இல்லை. அவள் மூடியைப் போட்டு, இன்ஹேலரை இருந்த இடத்திலேயே வைத்தாள்.